கணக்குப் போடும்போது பாருங்கள்



ரிசல்ட் நாளில் தமிழ்நாடே திரும்பிப் பார்க்கிற ஊர்களாகிவிட்டன பெரம்பலூரும் அரியலூரும். 2023-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் மாவட்டம் 97.67 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலிடம். அடுத்த வருஷம் 97.31 சதவீதத்தோடு அந்த இடத்துக்கு அரியலூர் வந்தது. 2025-ல் பிளஸ் டூ தேர்விலும் அரியலூர்தான் முதலில், 98.82 சதவீதம். 'பின்தங்கிய மாவட்டம்' என்றே சொல்லிச் சொல்லிப் பழகிய பகுதி இது. வெங்காயக் காட்டிலும் சோளக் காட்டிலும் முந்திரித் தோப்பிலும் பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோருக்கும், அந்தப் பிள்ளைகளை விடாமல் தேற்றிவிட்ட ஆசிரியர்களுக்கும் மனமார்ந்த வாழ்த்துகள்.

ஆனால், பத்தாம் வகுப்பில் பிள்ளை தேறுவதும் தடுமாறுவதும் பத்தாம் வகுப்பிலா தொடங்குகிறது? இந்த மாதம் நான் பேச நினைப்பது இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் பற்றி.

ஒரு மூன்றாம் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். போர்டில் 42-ல் இருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லிக் கணக்கு. ஒரு பிள்ளை 35 என்று போட்டிருக்கிறாள். இன்னொருவன் 59. மூன்றாவது பிள்ளை 26. மூன்று நோட்டிலும் ஒரே மாதிரி சிவப்பு மையில் தப்பு. வீட்டுக்குப் போனால் மூன்று பேருக்கும் ஒரே திட்டு: "கவனம் எங்க இருக்கு?"

35 போட்ட பிள்ளை ரொம்பக் கவனமாகத்தான் போட்டிருக்கிறாள். 'பெரிய எண்ணில் இருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்' என்று எப்போதோ கேட்டதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். 7-ல் 2 போனால் 5, 4-ல் 1 போனால் 3. கடன் வாங்குவது என்றால் என்ன என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. 59 போட்டவன் கழித்தல் குறியைப் பார்க்காமல் கூட்டிவிட்டான். கூட்டல் அவனுக்குப் பிசகில்லாமல் வருகிறது. 26 போட்டவள் விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணியிருக்கிறாள். 41-ல் தொடங்காமல் 42-ஐயே முதல் விரலாக வைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

மூன்று பேருக்கும் மூன்று விதமாகச் சொல்லித்தர வேண்டும் இல்லையா? பத்துப் பத்துக் கணக்கு இம்போசிஷன் கொடுத்தால் 35 போட்ட பிள்ளை பத்துக் கணக்கையும் அதே வழியில்தான் போடுவாள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சரியாக 25 என்று போட்டிருக்கிற நாலாவது பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியிருந்தால்? அவனுக்கு ஒரு டிக் விழும். அவனைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டோம்.

நோட்டில் இருக்கிற விடை முடிந்துபோன சங்கதி. விரல் எங்கே நின்றது, எதை எழுதி எதை அழித்தான், எந்த இடத்தில் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான் என்பதெல்லாம் கணக்குப் போடுகிற அந்த ரெண்டு நிமிஷத்தில் மட்டும்தான் தெரியும். ஆசிரியர் பயிற்சியில் இதற்கு உற்றுநோக்கல் என்று பெயர் கொடுத்து, தனியாகப் பதிவேடு போட்டு எழுதச் சொல்கிறார்கள். கீழப்பழுவூரில் இருக்கிற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் மாதிரியான இடங்களுக்கு இது அன்றாடப் பாடம்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடிப்படையில் அவர் ஒரு டாக்டர். நோயாளியைப் பார்க்கிற மாதிரி பிள்ளைகளைப் பொறுமையாகக் கவனித்துத்தான் தன் முறையையே உருவாக்கினார்.

நம் அரசுப் பள்ளிகளுக்கும் இது புதிதில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சி கமிஷனராக இருந்த எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ்., ஆந்திராவின் ரிஷி வேலியில் நடந்த முயற்சிகளைப் பார்த்து, மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08-ல் அது தமிழ்நாடு முழுக்க வந்தது. இன்று இருபத்தைந்து வயதில் இருக்கிற பல தாய்மார்கள் அந்த வகுப்புகளில் பாயில் உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்தவர்கள்தான். சுவரைச் சுற்றித் தரையோடு ஒட்டி ஒரு கரும்பலகை இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு ஒரு கட்டம். அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே, எந்தப் பக்கம் இருந்து சுழிக்கிறாள், எங்கே நிறுத்துகிறாள் என்று டீச்சர் இருந்த இடத்தில் இருந்தே பார்க்கலாம். நோட்டில் எழுதினால் அந்த வசதி கிடைக்காது. அந்த முறையில் குறைகள் இருந்தன, விவாதங்களும் நடந்தன. இருந்தாலும் அந்தத் தாழ்வான பலகை அருமையான யோசனை என்பேன்.

கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் சொல்லித்தருகிறார்கள். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை ஒருநாள் பரீட்சை வைத்து மட்டும் சரியாகச் சொல்லிவிட முடியுமா?

சரி, பிள்ளையை டீச்சர் பார்க்கிறார். டீச்சரை யார் பார்ப்பது?

இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் தடம் மாறிவிட்டோம் என்று நினைக்கிறேன். 'பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) வர்றாங்க' என்றாலே பள்ளிக்கூடத்தில் பரபரப்பு. சார்ட் மாட்டுவார்கள், பதிவேடுகளை எடுத்து அடுக்குவார்கள், நன்றாக வாசிக்கிற பிள்ளையை முன்னால் உட்கார வைப்பார்கள். வந்தவர் பார்க்கிறது அன்றைக்கு மட்டும் நடக்கிற ஒரு வகுப்பு. பயிற்சி ஆசிரியர்களையும் கடைசி பெஞ்சில்தான் உட்கார வைக்கிறோம். அங்கே இருந்து பார்த்தால் டீச்சரின் முகமும் பிள்ளைகளின் முதுகும் தெரியும். படிப்பு நடக்கிறதா என்பது பிள்ளைகளின் முகத்தில் அல்லவா தெரியும்!

ஜப்பானில் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு பழக்கம் இருக்கிறது. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் பிள்ளைகளின் பக்கத்தில் நின்று, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுவார்கள். நடத்தியவருக்கு மார்க் போட மாட்டார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற நம் குறுவள மையக் கூட்டத்திலும் இதைச் செய்யலாமே? அறிவுரை சொல்லிக் கலைகிற கூட்டத்தைவிட, ஒரு வகுப்பை எல்லாரும் சேர்ந்து பார்க்கிற கூட்டம் ஆசிரியர்களுக்கு எவ்வளவோ பிரயோஜனமாக இருக்கும்.

மேரி பட் ரோ என்கிற அமெரிக்க ஆய்வாளர், வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரே ஒரு நொடி! அதை மூன்று நொடியாக்கச் சொன்னார். பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இதை ஆசிரியர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. நம் வீட்டில் "ஏழெட்டு?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை மூச்சு விடுவதற்குள் "ஐம்பத்தாறு! எத்தனை தடவை சொல்றது?" என்று கத்துவது யார்?

வீடு என்றதும், "எங்களுக்கு ஏதுங்க நேரம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அப்பா வெளிநாட்டிலோ திருப்பூரிலோ இருப்பார். அம்மா காட்டு வேலை முடிந்து வர இருட்டிவிடும். வீட்டில் இருப்பது பாட்டி மட்டும். அந்தப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன? பேத்தி விரல் வைத்துப் பாடம் வாசிக்கும்போது பக்கத்தில் உட்காரட்டும். விரல் ஒரு வார்த்தையில் நிற்கிறது, வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது என்றால் பிள்ளை எழுத்தைப் பார்த்துப் படிக்கவில்லை, மனப்பாடம் சொல்கிறாள். கண் எழுத்துக்குப் போகாமல் படத்துக்கே போனாலும் அப்படித்தான். இதைக் கண்டுபிடிக்கப் பாட்டிக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "டீச்சர், புள்ள ஒப்பிக்குது, படிக்கல" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், டீச்சருக்கு ஒரு மாத வேலை மிச்சம்.

பார்க்கும்போது திருத்தாதீர்கள், தயவுசெய்து! நாம் குறுக்கே பேசியவுடன் பிள்ளை நம் முகத்தைப் பார்த்து விடை தேட ஆரம்பித்துவிடும். பிறகு நமக்கு ஒன்றும் தெரியாது.

கேள்விகளையும் கவனியுங்கள். சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்க எத்தனையோ பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. ஒரு காலத்தில் கடல் இருந்த இடத்தில் பதினெட்டு மீட்டர் நீள மரம் கல்லாகக் கிடக்கிறது. வந்த பிறகு கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாரும் தகவல் பலகையில் இருந்ததையே எழுதுவார்கள். ஆனால், அங்கே நிற்கும்போது ஒருத்தி "இங்க கடல் இருந்துச்சுன்னா மரம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டால், அந்தப் பிள்ளையின் மூளை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது பாருங்கள்! அந்தக் கேள்வியை எந்த டீச்சராவது ஒரு தாளில் குறித்துக்கொண்டால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கிற பள்ளிகள் ஏராளம். அதற்கு நடுவே செல்போனில் எமிஸ் (கல்வித் தகவல்) பதிவுகள் வேறு. ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்காருங்கள் என்று அவர்களிடம் சொல்கிறவர்கள், அதற்கான நேரத்தையும் ஆளையும் கொடுக்க வேண்டும். இருந்தாலும், 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையின் புரிதலைத் தொடர்ந்து மதிப்பிடச் சொல்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள் என்று முறை வைத்துக் கவனித்தால்கூட வாரத்தில் இருபத்தைந்து பேரைப் பார்த்துவிடலாம். சில டீச்சர்கள் யாரும் சொல்லாமலேயே இப்படிச் செய்கிறார்கள். அவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவசியம் போங்கள். 'என் பிள்ளை எத்தனை மார்க்?' என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "எந்த இடத்துல தடுமாறுறா, டீச்சர்?" வீட்டில் நீங்கள் பார்த்ததையும் சொல்லுங்கள். அப்படியே ஒரு போஸ்ட் கார்டில் எங்களுக்கும் எழுதுங்கள். மார்க் வேண்டாம். உங்கள் பிள்ளை கணக்கை எப்படிப் போட்டாள் என்று எழுதுங்கள், அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்