காலப் பிழை என்னும் குற்றச்சாட்டு

விளாங்குடியில் என் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், புது மண்டபத்தில் புத்தகக் கடைகள் இருந்த நாளில் நான் வாங்கிய பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். படத்தில் அர்ச்சுனன் நாடகக் கம்பெனி ராஜபார்ட் மாதிரி ஜரிகைக் கோட்டு போட்டிருக்கிறான். பின்னால் திரைச்சீலை தொங்குகிறது. 'காலப் பிரக்ஞையே இல்லை' என்று தீர்ப்பும் சொன்னார். ஐரோப்பாவின் ஆதி அச்சுப் புத்தகங்களிலுள்ள மரச்செதுக்குப் படங்களைப் பற்றிப் பரவசமாகப் பேசுகிறவர் இவர்.

அந்தப் பரவசத்தையே பரிசீலிப்போம். 1472இல் வெரோனாவில் அச்சான வல்தூரியோவின் நூல், பண்டை ரோமானியரின் போர்க்கலையைச் சொல்ல வந்தது. அதன் படங்களில் டிராகன் வடிவப் போர் யந்திரம் ஒன்றும், அதில் பீரங்கியும் இருக்கின்றன. ரோமானியன் வெடிமருந்தைக் கண்டதே இல்லை. 1505இல் மைன்ஸ் நகரில் வந்த லிவியின் ஜெர்மன் பதிப்பிலோ, ரோமானியப் படைகள் செதுக்கியவன் காலத்து ஜெர்மன் கவசம் அணிந்து சண்டையிடுகின்றன. அது கலை, இது அறியாமை என்று நிறுத்துச் சொன்ன தராசு எது? கடல் கடந்து வந்த பிழைக்கு மட்டும் அழகியல் அந்தஸ்தா?

பிழை பின்னால் திருத்தப்பட்டது, வாஸ்தவம். 1595இல் ஆன்ட்வெர்ப்பில் வெளியான லிப்சியஸின் ரோமானியப் படை பற்றிய நூல், பழைய ஆதாரங்களைச் சலித்து ஆயுதத்தையும் அணிவகுப்பையும் நிர்ணயித்தது. சரித்திரத்துக்கு அது லாபம். ஆனால் அங்கே போர் பாடமாகிவிட்டது. பீரங்கி வரைந்தவனுக்கோ போர் பாடமல்ல. தன் ஊர்ச் சுவரை உடைக்கக்கூடிய சமாச்சாரம். பழங்கதையைச் சொல்லும்போதும் அதை அவனால் மறக்க முடியவில்லை.

நான் சண்டைக்கு வருவது படங்களுக்காக மட்டுமல்ல. இலங்கையில் 1983 முதல் 2009 வரை யுத்தம் நடந்தது. ஈழத்துக் கவிஞர்கள் துப்பாக்கியைத் துப்பாக்கி என்றே எழுதினார்கள். இங்கே நம்மில் பலர் அதே யுத்தத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து, புறநானூற்று வேலையும் யானையையும் பிசகில்லாமல் அடுக்கினோம். நானும் அடுக்கியிருக்கிறேன். சொல் சுத்தம்; துறை சுத்தம்; குண்டு பட்டவன் மட்டும் கவிதையில் இல்லை.

தேதி தப்பிய செக்கைத் திருப்பி அனுப்புவது வங்கியில் என் உத்தியோகம். கவிதையில் நான் திருப்பி அனுப்ப விரும்புவது, தேதி சரியாக இருந்தும் கணக்கில் பணமில்லாத செக்கை.