புரியாமல் தந்த ஒப்புதல்

மும்பையில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதி ஒன்றின் அருகே உள்ள கிளையில் நான் பணியாற்றியபோது, வீட்டுவேலை செய்து பிழைக்கும் ஓர் அம்மையார் ஒருநாள் பிற்பகல் என் மேசைக்கு வந்தார். தமிழ் தெரிந்த அலுவலர் என்பதால் எந்த ஐயமானாலும் என்னிடமே கேட்பவர் அவர். பேரனின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கைப்பேசியில் ஒரு கடன் செயலி வழியே 5,000 ரூபாய் கேட்டிருக்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 3,200 ரூபாய். ஏழாம் நாளே முழுத் தொகையையும் கேட்டு அழைப்புகள் தொடங்கிவிட்டன. அவருக்கு மட்டுமன்று, ஊரிலிருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும், அவர் வேலை செய்துவந்த மூன்று வீடுகளுக்கும், இவர் கடன் வாங்கி ஏமாற்றியவர் என்று செய்தி போயிருக்கிறது.

"கடனை எப்படியாவது கட்டிடுவேன் சார். இவங்க நம்பரெல்லாம் அவனுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டார்.

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். தொடர்புப் பட்டியல், புகைப்படங்கள், குறுஞ்செய்திகள் அனைத்துக்கும் அச்செயலிக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. "நீங்கதாம்மா கொடுத்திருக்கீங்க" என்றேன். "நான் யாருக்கும் கொடுக்கலையே சார்" என்றார் அவர். நாங்கள் இருவர் சொன்னதும் உண்மையே. அவர் விரல் பொத்தானை அழுத்தியிருந்தது. எதற்கு அழுத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. திரையில் இருந்தது முழுவதும் ஆங்கிலம்.

வணிகவியல் படித்தோர் அனைவரும் முதலில் கற்கும் சட்டங்களுள் ஒன்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். இரு தரப்பினரும் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்றுக்கொள்வதே இசைவு என்கிறது அதன் 13ஆம் பிரிவு. வங்கிகள் இதைக் காகிதத்தில் இன்றும் பின்பற்றுகின்றன. ஆங்கிலம் அறியாத ஒருவர் கடன் பத்திரத்தில் கையொப்பமிடும்போது, அதன் உள்ளடக்கம் அவர் மொழியில் படித்துக் காட்டப்பட்டது, அவர் புரிந்துகொண்டார் என்றோர் உறுதிமொழியையும் இணைக்கிறோம். அது இல்லாமற்போனால், நாளை வழக்கு என்று வரும்போது அந்தக் கையொப்பமே கேள்விக்குள்ளாகக்கூடும். காகிதத்தில் இவ்வளவு கவனம் காட்டும் நாம், திரை என்றதும் ஒரு தட்டலை முழு ஒப்புதலாக எடுத்துக்கொள்வது எவ்வகையில் நியாயம்?

அன்று மாலை என் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். கைவிளக்குக்காக எப்போதோ பதிவிறக்கிய செயலி என் இருப்பிடத்தை அறிந்துகொண்டிருந்தது. நாட்காட்டிச் செயலி ஒன்று என் தொடர்புப் பட்டியலைக் கேட்டிருந்தது, நானும் கொடுத்திருந்தேன். ஆவணங்களைப் படித்துச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நானே அவற்றின் நிபந்தனைகளில் ஒரு வரியும் படித்திருக்கவில்லை. ஆகவே, 'படிக்காமல் அழுத்தியது வாடிக்கையாளரின் தவறு' என்று எளிதாகச் சொல்லிவிடும் வாதத்தை நான் ஏற்பதில்லை. நாற்பது பக்க நிபந்தனைகளைக் கடைசியில் ஒரே பொத்தானுடன் முடிப்பவர், அதை எவரும் படிக்கமாட்டார் என்று அறிந்தே அவ்வாறு அமைக்கிறார்.

சட்டம் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் கோப்புகளையும் தொடக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியவற்றை, வாடிக்கையாளரை அடையாளம் காணும் தேவைக்காக, அவரது வெளிப்படையான இசைவுடன் ஒருமுறை மட்டும் அணுகலாம். கடனின் முக்கிய விவரங்களைக் கடன்பெறுவோருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்று 2024இல் அறிவுறுத்தியது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவானது. தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்காகத் தகவலையும், அதனுடன் தொடர்புப் பட்டியலையும் கேட்டு, பயனர் இரண்டுக்கும் இசைந்தாலும், சிகிச்சைக்குத் தேவையற்ற தொடர்புப் பட்டியலுக்கு அந்த இசைவு செல்லாது என்று சட்டமே எடுத்துக்காட்டு தருகிறது. இசைவு கோரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் எதிலும் படிக்க வாய்ப்பளிக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும்.

ஆனால், சட்டத்துக்கு அஞ்சாத செயலிகளைச் சட்டம் மட்டுமே தடுத்துவிடாது. முறையான நிறுவனங்களாகிய நாமும் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே குறியிட்ட கட்டங்கள், ஆங்கிலத்தில் மட்டும் வரும் எச்சரிக்கைகள், மறுத்தால் மேலே செல்லவிடாத திரைகள் ஆகியவற்றைப் பெயர்பெற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் காண்கிறோம். இவற்றைப் பார்த்துப் பார்த்து, எது வந்தாலும் 'சரி' என்று அழுத்தும் பழக்கம் மக்களுக்கு ஏற்பட்டுவிட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரன் அறுவடை செய்கிறான்.

நிபந்தனைகள் நீளமாக இருப்பது சட்டத் தேவை என்பர். இருக்கட்டும். கடன் பத்திரமும் நீளமானதுதான்; ஆயினும் மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவரிடம் தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, தவறினால் என்ன என்று நான்கு வரிகளில் சொல்லிவிடுகிறோம். திரையும் அதைச் செய்யலாம்: என்ன கேட்கிறோம், எதற்காகக் கேட்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம், எப்படி நிறுத்தலாம். இந்த நான்கும் வாடிக்கையாளரின் மொழியில் இருந்தால் போதும்.

அதுவரை வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. கைப்பேசியின் அமைப்புகளில் 'அனுமதிகள்' பகுதியை மாதம் ஒருமுறை திறந்து, தேவையற்றவற்றை நீக்குங்கள். பயன்படுத்தாத செயலிகளை அழித்துவிடுங்கள். கடன் செயலியாயின், ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள எண்ணிமக் கடன் செயலிகளின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் பெறாதோர் மீது 'சசேத்' தளத்தில் முறையிடலாம். இணையவழிப் பணமோசடிக்கு 1930 என்ற எண்ணை உடனே அழைக்கலாம். புரியாத திரை வந்தால், எதையும் அழுத்துமுன் கிளைக்கு வந்து கேளுங்கள். அதைச் சொல்ல எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.

அந்த அம்மையாரின் புகாரைப் பதிவு செய்தோம், செயலியை நீக்கினோம், சில நாள்களில் அழைப்புகள் ஓய்ந்தன. அவர் வேலை செய்த மூன்று வீடுகளில் இரண்டில் வேலை நிலைத்தது, மூன்றாவதில் நிலைக்கவில்லை. அந்த வீட்டில் அவர் பதினோராண்டுகள் உழைத்திருந்தார். அவர் இழந்த நற்பெயரை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.