இரவோடு இரவாகக் கண்டிக்கு ஓடவேண்டாம்

 

டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கண்டி, நுவரெலியா காட்டி வருவது பற்றி ஊரில் கதை நடக்கிறது. நல்ல விடயம். என் பங்குக் காசை நானும் தருவேன். ஆனால் கைக்கு வந்த பயணத் திட்டத்தைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை. பின்னேரப் படகில் குறிகட்டுவான். இரவு எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ். விடியக் கண்டி. பகல் முழுக்கச் சுற்றிவிட்டு அன்றிரவே நுவரெலியா. மூன்று நாள் பயணத்தில் இரண்டு இரவும் பஸ்ஸுக்குள்தான். "படுக்க இடம் எடுக்கிற காசு மிச்சம்" என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

அந்தக் குறிப்புக்குத்தான் இந்த நீண்ட பதிவு.

போன ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் குடும்பமாக எட்டு நாள் ஒரு வானில் குடியிருந்தோம். 'குடியிருந்தோம்' என்று எழுதியது சரிதான். புத்தளத்தில் மச்சானின் கூட்டாளி ஒருவர் பழைய நீள ஹைஏஸ் ஒன்றில் பின் சீற்றுகளைக் கழற்றி, பலகைக் கட்டில் அடித்து, ஒரு காஸ் அடுப்பும், 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கியும், சின்னக் கை கழுவும் தொட்டியும் பொருத்தி வைத்திருக்கிறார். வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுவது அவருக்குத் தொழில். ஆள் இல்லாத ஒரு கிழமையில் எங்களுக்குக் கிடைத்தது. நான், மனைவி, மகன், மகள், மாமி, சாரதித் தம்பி என்று ஆறு பேர். குறிகட்டுவானில் ஏறி, ஏ9 வீதியால் வவுனியா, தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, எல்ல, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை என்று சுற்றி, ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்கு வந்து வீடு திரும்பினோம். எங்கள் யாருக்குமே இவ்வளவு நீண்ட வீதிப் பயணம் இதற்கு முன் வாய்த்ததில்லை.

மாமி மட்டும் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்ட பயணம்தான் அவருக்கு நீண்ட பயணம். அதனாலோ என்னவோ, நாங்கள் ஆளுக்கு இரண்டு பை கட்ட, அவர் ஒரு சின்னப் பையுடன் வந்து நின்றார். இரண்டு சாரி, தஸ்பீஹ், மருந்து, ஒரு போத்தல் தண்ணீர். மூன்றாம் நாளே அது விளங்கியது. மற்றப் பைகளைக் கட்டிலில் இருந்து இறக்கவும் ஏற்றவுமே எங்கள் நேரம் போனது. அவருடைய பை மடியிலேயே இருந்தது.

வெளிநாட்டில் இப்படியான வாகனத்தை ஆர்வி என்பார்கள். வீட்டை விற்றுவிட்டு அதிலேயே வாழும் வயதானவர்களை வைத்து 'நோமட்லாண்ட்' என்ற படம் 2021இல் ஒஸ்கார் பரிசு வாங்கியது. உள்ளே சமையல், படுக்கை, கழிப்பறை எல்லாம் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒரு தாங்கி, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, மலக்கழிவுக்கு வேறு ஒன்று. கழிவைக் கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது. அதற்கென்று உள்ள இடத்துக்குப் போய்த்தான் வெறுமையாக்க வேண்டும். கொண்டு போவதற்கும் கணக்கு, கழிப்பதற்கும் கணக்கு.

இது நெடுந்தீவாருக்குப் புதுக் கதையா? அரிசியில் இருந்து சீமெந்து வரை எங்களுக்குப் படகில்தான் வரவேண்டும். சாராப்பிட்டிப் பக்கம் போய் நல்ல தண்ணீர் அள்ளிவந்த கதை இல்லாத வீடு இந்த ஊரில் குறைவு. ஏழு வருடம் இங்கே குடியிருந்த என் மனைவி, வான் ஏறிய முதல் காலையே தாங்கிக் குழாயின் கீழ் ஒரு கோப்பையை வைத்துவிட்டார். முகம் கழுவ ஒரு கோப்பை, பாத்திரத்துக்கு இரண்டு, ஒளூவுக்கு ஒன்று. குழாயை ஓடவிட்டுக் கை கழுவ யாருக்கும் அனுமதி இல்லை. 60 லீற்றர் ஆறு பேருக்கு ஒன்றரை நாள் போதுமாக இருந்தது. வெள்ளைக்காரர் ஏறினால் அரை நாளில் முடியும் என்று சாரதித் தம்பி சொன்னார். மனைவிக்கு அன்று முழுக்கப் பெருமை.

ஆக, வாகனத்தில் வாழ்வதில் பாதி எங்களுக்குத் தெரிந்த வேலை. தெரியாதது மலை. நெடுந்தீவில் ஏற்றம் என்று ஒன்று இல்லை. சைக்கிளை மிதிக்காமல் விட்டால் நின்றுவிடும், அவ்வளவுதான். வாடைக் காற்றில் படகு குத்தும்போதுகூட அசையாமல் இருந்து பிஸ்கற் தின்னும் என் மகன், றம்பொடை வளைவுகளில் மூன்று தரம் சத்தி எடுத்தான். கடலில் பழகிய வயிறு மலைக்கு உதவாது. எலுமிச்சங்காயும், பொலித்தீன் பையும், முன் சீற்றும் தேவை. 50 பிள்ளைகள் ஏறும் பஸ்ஸில் முன் சீற் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இறக்கம் அதைவிடப் பெரிய பாடம். சாரதித் தம்பி எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும்போது இரண்டாம் கியரை விட்டு மேலே போகவே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சேர், பிரேக்கை மிதிச்சபடி இறங்கினா அது சூடாகிப் பிடிக்காமப் போகும். எஞ்சின்தான் வண்டியைப் பிடிக்கோணும்" என்றார். நடு வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருபது நிமிடம் நிறுத்தினார். அது தேத்தண்ணிக்காக அல்ல, சில்லுகள் ஆறுவதற்காக.

நாங்கள் வீடு வந்து மூன்று கிழமை ஆகவில்லை. செப்டம்பர் 4ஆம் திகதி இரவு அதே எல்ல - வெல்லவாய வீதியில், தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்தது. 15 பேர் இறந்தார்கள். அதே வருடம் மே 11ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை கரண்டியெல்லவில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். ஒன்று இரவு, மற்றது விடியுமுன். இரண்டும் மலை வீதி. விசாரணையில் என்ன வந்தாலும் வரட்டும். மலை வீதியில் இருட்டும் களைப்பும் சேரக்கூடாது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

இப்போது எங்கள் திட்டத்தைத் திரும்பப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஏறும் அந்தச் சாரதி அன்று பகல் என்ன செய்திருப்பார்? டிசம்பர் வாடகைக்கு மாதம். பகலிலும் ஒரு ஓட்டம் ஓடியிருக்கத்தான் சந்தர்ப்பம் அதிகம். பிறகு 300 கிலோமீற்றருக்கு மேல் இருட்டில். காலையில் நாங்கள் இறங்கிக் கண்டி வாவியைச் சுற்றிப் பார்க்கும்போது அவர் வெயிலில் நிற்கும் பஸ்ஸில், ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஒரு மணித்தியாலம் கண்ணயர்வார். அன்றிரவு அவரேதான் நுவரெலியாவுக்கு ஏற்றவேண்டும். மிச்சம் பிடித்ததாக எழுதிய காசு, அந்த மனிதனின் நித்திரையில் இருந்து எடுத்த காசு.

பிரான்சிலும் ஜேர்மனியிலும் பஸ், லொறி ஓட்டும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள். நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும். ஒரு நாளைக்கு வழமையாக 9 மணித்தியாலத்துக்கு மேல் ஓடமுடியாது. அதைப் பதியும் கருவி வாகனத்திலேயே இருக்கிறது, ஏமாற்றினால் தண்டம். அமெரிக்காவில் ஆர்விக்காரருக்குச் சட்டத்துக்கு வெளியேயும் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓடுவதில்லை, பின்னேரம் 3 மணிக்கு முன் தரிப்பிடம் சேர்வது, ஓரிடத்தில் 3 நாள் நிற்பது. இலங்கையின் நீளமே 270 மைல் வராது! அவர்களுடைய 300ஐ நாங்கள் 150 கிலோமீற்றர் ஆக்கலாம், மலையில் அதையும் பாதியாக்கலாம். நுவரெலியாவிலிருந்து எல்ல 60 கிலோமீற்றர் அளவுதான். எங்களுக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது.

பின்னேரம் மூன்று மணி என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தால் இடத்தைப் பார்க்கலாம், தண்ணீர் எங்கே என்று கேட்கலாம், சமைக்கலாம். ஹபரணை, ஹொரவப்பொத்தானைப் பக்கம் பொழுது பட்டால் யானை வீதிக்கு வரும். அங்கே இருட்டில் ஓடுவது வீரம் அல்ல.

அடுத்த விடயத்தைப் பயணக் கூட்டங்களில் ஆண்கள் பேசுவதில்லை. பெண்கள் வெட்கத்தில் சொல்வதில்லை. ஆசிரியன் என்ற முறையில் நான் எழுதுகிறேன். மலசலகூடம்.

மாமிக்குச் சீனி வருத்தம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இறங்கவேண்டும். முதல் நாள் காலையில் இருந்து அவர் தண்ணீர் குடிக்கவே இல்லை என்பதை மனைவி கிளிநொச்சி தாண்டும்போதுதான் கவனித்தார். கேட்டால், "எதுக்கு உங்களுக்குக் கரைச்சல்" என்றார். நாட்டில் முக்கால்வாசிப் பெண்கள் இப்படித்தான் பயணம் போகிறார்கள் என்று நினைக்கிறேன். தாகத்தை அடக்கி, அதையும் அடக்கி, வீடு வந்து தலையிடியோடு படுப்பது. வளர்ந்த பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாள் வந்துவிட்டால் பயணமே நரகம். ஆண்பிள்ளை வேலியோரம் ஒதுங்குவான், அவனுக்குச் சுற்றுலா. அவளுக்கு?

எங்கள் வானிலும் கழிப்பறை இல்லை. அதனால் அன்று மத்தியானம் முதல், அடுத்து எங்கே இறங்குவது என்பதை முடிவு செய்த பிறகே வண்டியை எடுத்தோம். பெற்றோல் செட், பெரிய சாப்பாட்டுக் கடை, பள்ளிவாசல், கன்னியர் மடம் ஒன்று, கோயில் மடம் ஒன்று. எங்கும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை என்பதை நன்றியோடு எழுதவேண்டும். கசப்பான ஒன்றையும் சேர்த்தே எழுதவேண்டும். வழியில் இறங்கிய பள்ளிவாசல்களில் ஆண்களுக்கு ஒளூச் செய்ய வரிசையாகக் குழாய் இருந்தது, பல இடங்களில் பெண்களுக்கு ஒரு கதவுகூட இல்லை. பயணிக்கு மார்க்கம் தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் சலுகை தந்திருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு ஒரு வாளியும் கொண்டியும் தர மனம் வரவில்லை. எங்கள் சமூகத்து நண்பர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

இதே கணக்கு எங்கள் தீவுக்கும் உண்டு. குதிரை பார்க்க, பெருக்குமரம் பார்க்க, கோட்டை பார்க்க என்று படகில் வருபவர்களில் பாதிப் பேர் பெண்கள். வீதியோர வீடுகளில் வந்து, "அக்கா, ஒருக்கா பாத்றூம் போகலாமா" என்று தயங்கிக் கேட்பவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். எட்டு நாள் நாங்கள் அந்த இடத்தில் நின்றோம். இப்போது யாராவது கேட்டால் மனைவி முதலில் வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறார், பிறகுதான் ஆளை யார் என்று கேட்கிறார். வந்தவர்கள் விட்டுப்போகும் போத்தல், பொலித்தீன் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் பக்கத்துக்கு ஒன்று மட்டும்: எட்டு நாள் குப்பையை வானின் பின்கதவில் ஒரு உரப்பையில் கட்டி, நகர சபைத் தொட்டி கண்ட இடத்தில் மட்டும் போட்டோம். நாறவில்லை. செத்தும் போகவில்லை. டிசம்பர் பஸ்ஸிலும் கட்டலாம்.

செலவு கூடும் என்பீர்கள். கூடும்தான். ஒரு நாள் கூடுதலாக எடுத்து, பகலில் மட்டும் ஓடி, இரண்டு இரவு எங்காவது படுத்தால் ஆளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். ஹோட்டல்தான் வேண்டும் என்றில்லை. வவுனியாவிலும் மாத்தளையிலும் பாடசாலை மண்டபமோ, கோயில் மடமோ, தேவாலய மண்டபமோ, பள்ளிவாசல் மண்டபமோ முன்கூட்டிக் கடிதம் எழுதிக் கேட்டால் கிடைக்கும். கடிதம் எழுதும் வேலையை நான் எடுக்கிறேன். சிங்களத்தில் எழுதவேண்டியதை எழுத மச்சான் இருக்கிறார். அப்படியும் காசு போதாவிட்டால் நுவரெலியாவை விடுவோம். அனுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை, கண்டி பார்த்தாலே பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கதைக்கக் காணும். ஒரு இடத்தைக் குறைத்தால் பயணம் குறையாது. எங்கள் எட்டு நாளில் பிள்ளைகள் இன்றுவரை கதைப்பது வேர்ல்ட்ஸ் எண்டைப் பற்றியல்ல, அங்கே நாங்கள் போகவும் இல்லை. பொத்துவிலில் வான் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வேலை ஒன்றும் இல்லாமல் இருந்த ஒரு முழுப் பின்னேரத்தைப் பற்றித்தான்.

வரும் ஞாயிறு கூட்டத்துக்கு வருபவர்கள் தயவுசெய்து மூன்று கேள்வி கேளுங்கள். ஏற்பாட்டாளர்கள் என் நண்பர்கள்தான், கோபிக்கமாட்டார்கள். சாரதி எந்த இடத்தில், எத்தனை மணித்தியாலம் படுப்பார்? இரண்டாவது சாரதி உண்டா? பெண்பிள்ளைகள் இறங்குவதற்கு எந்தெந்த இடத்தில், எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தாளில் எழுதி வந்தால் என் மகளின் பெயரை முதல் ஆளாகக் கொடுப்பேன். வராவிட்டால் அவள் இந்த முறை வரமாட்டாள். அவளுக்கும் சொல்லிவிட்டேன், அழுதாள்.