காவல் காக்கும் சர்வருக்குத் தனி வழி வேண்டும்

மேல்பட்டாம்பாக்கத்தில் என் பக்கத்துத் தெரு நண்பர் அண்மையில் கம்ப்யூட்டர் வாங்கினார். கூடவே வாசலில் ஒரு கேமராவும் பொருத்தினார். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மொபைலுக்குச் செய்தி வந்துவிடும். இரண்டு நாள் வெளியூர் சென்றார். ஒரு செய்தியும் வரவில்லை, நிம்மதியாக இருந்தார். திரும்பி வந்து பார்த்தால், கிளம்பிய அன்றே கரண்ட் ஏறி இறங்கியதில் பிராட்பேண்ட் மோடத்தின் அடாப்டர் எரிந்து போயிருந்தது. (நெய்வேலிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நமக்குக் கரண்ட் விஷயத்தில் சலுகை கிடையாது என்பது தனிக் கதை.)

இதே தவறு பெரிய டேட்டா சென்டர்களிலும் நடக்கிறது என்றால் நம்புவீர்களா? நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஓடும் கட்டடம்தான் டேட்டா சென்டர். அவை ஒழுங்காக இயங்குகின்றனவா என்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை விசாரிப்பதற்கென்றே தனி சர்வர்கள் உண்டு. நாகியோஸ், ஜாபிக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்கின்றன. மென்பொருளை நிறுவுவது பெரிய காரியமில்லை. அந்த சர்வரை நெட்வொர்க்கில் எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில், கண்காணிக்கும் சர்வரை மற்ற சர்வர்கள் இருந்த அதே ரேக்கில், அதே ஸ்விட்ச்சில் இணைத்திருந்தோம். ஒரு ஞாயிறு இரவு அந்த ஸ்விட்ச் செத்தது. கண்காணிக்கும் சர்வர் அதைக் கண்டுபிடித்துவிட்டது, மின்னஞ்சலும் எழுதிவிட்டது. ஆனால் மெயில் சர்வர் இருந்ததும் அதே ஸ்விட்ச்சுக்குப் பின்னால்தான். திங்கள் காலை ஆட்கள் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வரிசையில் நின்றிருந்த வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கியது கவுன்டரில் இருந்த பெண். வடிவமைத்த நாங்கள் அல்ல.

"இரண்டு இணைப்பு வாங்கிவிட்டால் போயிற்று" என்று சிலர் சொல்வார்கள். போதாது. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40 மணிக்கு வர்த்தகம் நின்றது. மாலை 3.45க்குத்தான் மீண்டும் தொடங்கியது. அவர்களிடம் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. இரண்டிலும் ஒரே நேரத்தில் கோளாறு. இரு மையங்களுக்கு இடையிலான சாலையில் நடந்த தோண்டும் பணியே இணைப்புகள் தடுமாறியதற்கு முக்கியக் காரணம் என்று சந்தை பின்னர் விளக்கியது. சேமிப்பகக் கருவிகளும் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. சென்னையில் மாற்று மையம் இருந்தும் அன்று அதற்கு மாறவில்லை.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் மின்கம்பம் சாய்ந்தபோது, அதில் கட்டியிருந்த கேபிள் டிவி வயரும் கூடவே விழுந்தது. இரண்டு சேவைதான், கம்பம் ஒன்றுதானே!

உலகப் பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய புரோகிராமிலும் பிழை. கோளாறை ஆராயும் உள்கருவிகள் பலவும் வேலை செய்யவில்லை. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வழியும் அடைபட்டிருந்தது. கடைசியில் பொறியாளர்கள் நேரில் போய்த்தான் சரி செய்தார்கள்.

எனவே, சர்வர் வாங்கும் முன் ஒரு தாளில் படம் போடுங்கள் என்பேன். ஒவ்வொரு கருவிக்கும் எந்த ஸ்விட்ச், எந்த யூபிஎஸ், வெளியே போகும் வயர் எந்தத் தெரு வழியாக என்று வரையுங்கள். கண்காணிக்கும் சர்வரின் கோடு மற்றவற்றின் கோட்டோடு எங்கெல்லாம் சேருகிறதோ, அங்கெல்லாம் ஆபத்து. ஹாலுக்கு ஒரு சிறிய சர்வர் தன் பகுதியை மட்டும் விசாரித்து மைய சர்வருக்குச் சொல்லட்டும். இந்தப் பேச்சு தனி ஸ்விட்ச்கள் வழியே போகட்டும். எந்த சர்வர் எந்த ஸ்விட்ச்சுக்குப் பின்னால் என்பதையும் மென்பொருளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஸ்விட்ச் போனதற்கு நாற்பது எஸ்எம்எஸ் வரும். நாற்பதையும் யாரும் படிக்கமாட்டார்கள். நாகியோஸ் "செத்தது" என்பதையும் "போய்ப் பார்க்க வழியில்லை" என்பதையும் பிரித்துச் சொல்லக்கூடியது. பலர் அந்த வசதியைத் தொடுவதே இல்லை.

மிக முக்கியமானது, வேறு ஊரில், வேறு இணைப்பில் இருக்கும் இன்னொரு சர்வர். மைய சர்வர் "இருக்கிறேன்" என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சொல் நின்றால், இது சிம் கார்டு போட்ட மோடம் மூலம் எஸ்எம்எஸ் அனுப்பும். செலவு என்று நிர்வாகம் முகம் சுளிக்கும். இந்த வேலைக்குப் புது மெஷின் தேவையில்லை. ஓரங்கட்டிய பழைய கம்ப்யூட்டரே தாராளம். இரண்டுக்கும் நடுவே வயர் அறுந்தாலும் அலாரம் அடிக்கும்தான். சில பொய் அலாரங்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

நண்பர் அடாப்டரை மாற்றிவிட்டார். இப்போது தினமும் காலை 8 மணிக்கு ஒரு படம் மொபைலுக்கு வரும்படி அமைத்திருக்கிறார். படம் வராவிட்டால் எனக்கு ஃபோன் செய்கிறார். நான் போய்ப் பார்க்கிறேன்.