பிரிஃபர்டு லொகேஷன் லிஸ்ட்ல மீஞ்சூர் இல்ல

போன மாசம் ப்ளேஸ்மென்ட் செல்லிலிருந்து ஒரு கூகுள் ஃபார்ம் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? பேரு, ரெஜிஸ்டர் நம்பர், சிஜிபிஏ, அரியர் உண்டா இல்லையா. எல்லாத்தையும் ரெண்டு நிமிஷத்துல அடிச்சுத் தள்ளியிருப்பீங்க. கடைசிக் கேள்வியில மட்டும் கை கொஞ்சம் நின்னிருக்கும்: ‘பிரிஃபர்டு லொகேஷன்’. சென்னை, பெங்களூர், ஹைதராபாத், புனே. பிடிச்ச வரிசையில போடணும்.

அன்னைக்கு ராத்திரி கிளாஸ் குரூப்ல நடந்த விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. பெங்களூர்னா கிளைமேட். ஹைதராபாத்னா பிரியாணி. சென்னைன்னா “மறுபடியுமா?”ன்னு ஒரு சிரிப்பு ஸ்டிக்கர். நாலு வருஷம் படிச்சு முடிச்சு எடுக்கிற முதல் பெரிய முடிவை வெயிலையும் சாப்பாட்டையும் வெச்சு எடுத்துக்கிட்டிருந்தோம். நானும்தான். முதல்ல பெங்களூர்னு போட்டேன். ஆனா சப்மிட் பண்ணல. மூணு நாள் அந்தப் பக்கத்தை மொபைல்ல திறந்தே வெச்சிருந்தேன். அந்த மூணு நாள்ல யோசிச்சதைத்தான் இங்க எழுதறேன். தமிழ்ல இவ்ளோ நீளமா எழுதறது எனக்கு இதுதான் முதல் தடவை, பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். ‘எது நல்ல ஊர்?’னு பொதுவா கேட்டா பதிலே கிடைக்காது. ‘எந்த வயசுக்கு எந்த ஊர்?’னு கேக்கணும். அப்படிக் கேக்கும்போது நம்ம வயசை மட்டும் எண்ணக் கூடாது, வீட்ல இருக்கிறவங்க வயசையும் சேர்த்து எண்ணணும்.

எங்க வீடு மீஞ்சூர்ல. சென்ட்ரல்லிருந்து கும்மிடிப்பூண்டி லைன்ல எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் தாண்டி வர்ற ஸ்டேஷன். வெளியூர்க்காரங்க கேட்டா “சென்னை”ன்னு சொல்லுவோம். சென்னைக்காரங்க கேட்டா “பொன்னேரிக்கு முன்னாடி”ன்னு சொல்லுவோம். கவர்மென்ட் கணக்குல திருவள்ளூர் மாவட்டம். உங்களுக்கு ஊர் தெரியாம இருந்தாலும் பேர் தெரிஞ்சிருக்கும். 2010ல தொடங்கின, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கிற கடல்நீர் ஆலைக்கு மீஞ்சூர் ஆலைன்னுதான் பேரு. அது நிக்கிறது பக்கத்துல காட்டுப்பள்ளி கடற்கரையில. வண்டலூர்ல ஆரம்பிக்கிற 62 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோடு வந்து முடியறதும் எங்க ஊர்லதான்.

எங்க அப்பா இந்த ஊர்க்காரர் கிடையாது. வந்தவாசி பக்கம் ஒரு கிராமம். 1999ல இங்க வந்தப்போ அவருக்கு 24 வயசு. அப்போ எண்ணூர் துறைமுகத்தைக் கட்டிக்கிட்டிருந்தாங்க (2001ல திறந்தாங்க, இப்போ காமராஜர் துறைமுகம்). “ஏம்பா இந்த ஊருக்கு வந்தீங்க?”ன்னு அந்த மூணு நாள்ல ஒரு நாள் கேட்டேன். “வேலை இருந்துச்சு, வாடகை கம்மி, ட்ரெயின் இருந்துச்சு. வேற என்ன வேணும்?”னு கேட்டுட்டு டிவி பக்கம் திரும்பிட்டார்.

யோசிச்சுப் பாருங்க, அந்த வயசுக்கு அது சரியான பதில். எங்க பெல்ட்டோட கதையே அதுதான். தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856ல ராயபுரத்திலிருந்து கிளம்பிச்சு. எம்.ஆர்.எஃப். 1946ல பலூன் செய்யற சின்ன கொட்டகையா ஆரம்பிச்சது திருவொற்றியூர்ல. எண்ணூர்ல லேலண்ட் ஆரம்பிச்சது 1948ல. அதுக்கப்புறம் திருவொற்றியூர்ல என்ஃபீல்டு. எங்கெங்கிருந்தோ இருபது வயசுல பையோட வந்து இறங்கினவங்களாலதான் இந்தப் பக்கம் ஊர் ஊரா வளர்ந்துச்சு. “கெட்டும் பட்டணம் சேர்”னு பழமொழி சொல்லுவாங்களே, அந்தப் பட்டணம் ரொம்பப் பேருக்கு மெரினாவோ மவுண்ட் ரோடோ கிடையாது. தொழிற்சாலை சங்குச் சத்தம் கேக்கற தூரத்துல ஒரு ஒத்தை ரூம்தான்.

இன்னைக்கும் அது நடக்குது. எங்க பின் தெருவுல ஒரு வீட்ல ஒடிசா பசங்க ஆறு பேர் இருக்காங்க. அதுல ஒருத்தனுக்கு என் வயசு. கடையில பார்க்கும்போது தமிழ்லயே பேசுவான். “ஊர்ல மாசத்துக்கு பத்து நாள் வேலை, இங்க தினமும் வேலை”ன்னான். நான் தப்பிச்சு ஓடணும்னு நினைக்கிற ஊரு அவனுக்கு ‘பிரிஃபர்டு லொகேஷன்’. ரெண்டு பேருக்கும் 21. ரெண்டு பேரும் சொல்றது சரி.

ஆனா இதே ஊர் எல்லா வயசுக்கும் சரியா வராது. 2023 டிசம்பர் நம்ம செகண்ட் இயர்ல. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துல எண்ணெய் பரவி வலை, படகு எல்லாம் கறுப்பாச்சு. அந்த மாசமே 26ஆம் தேதி ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சுது. எங்க சித்தி அப்போ எண்ணூர்ல இருந்தாங்க. விடியறதுக்கு முன்னாடி சித்தப்பா பைக்ல சித்தியையும் ரெண்டு வயசுக் குழந்தையையும் ஏத்திக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டார். குழந்தை முகத்துல ஈரத்துணி. சித்தி காலையில வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

அடுத்த வருஷமே அவங்க பட்டாபிராம் பக்கம் வீடு மாறிட்டாங்க. சித்தப்பா வேலை மட்டும் இன்னும் எண்ணூர்லதான். தினமும் அவுட்டர் ரிங் ரோட்ல பைக்ல போயிட்டு வர்றார். கல்யாணத்துக்கு முன்னாடி அவருக்கு எண்ணூரை விட வசதியான ஊர் இல்ல, கம்பெனி நடந்து போற தூரம். குழந்தை பொறந்ததும் அதே ஊர் அவருக்குத் தப்பான ஊர் ஆயிடுச்சு. ஊர் அங்கேயேதான் இருந்துச்சு. வீட்ல இருந்த வயசுதான் மாறிச்சு.

பாட்டி மட்டும் அவங்களோட போகல. எண்ணூர்லயே மாமா வீட்ல இருக்காங்க. “இங்க தெருவுல எல்லாருக்கும் என்னைத் தெரியும், அங்க போனா நான் யாரு?”ங்கறாங்க. 70 வயசுல ஊர்னா தெரிஞ்ச முகங்கள். அதையும் என்னால தப்புன்னு சொல்ல முடியல.

இங்க எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. புகையும் தூசியும் அதிகமா பாதிக்கிறது குழந்தைகளையும் வயசானவங்களையும். ஊரை விட்டுக் கிளம்ப சுலபமா முடியறது நம்ம வயசுக்காரங்களால. நெஞ்சு நல்லா இருக்கிறவங்க போயிடறோம், இன்ஹேலர் வெச்சிருக்கிறவங்க இருந்துடறாங்க. எங்க அம்மாவுக்கு மழைக்காலம் வந்தா வீசிங் வரும். காரணம் இந்தக் காத்தா, பரம்பரையான்னு எந்த டாக்டரும் அடிச்சுச் சொல்லல. அப்பாவுக்கு ஒரு கன்டெய்னர் யார்டுல வேலை, வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். தம்பி பத்தாவது. போன நவம்பர்ல ஒரு ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கினப்போ ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நான். ஃபார்ம்ல பெங்களூர்னு போட்டுட்டு சப்மிட் பண்ண முடியாம உக்காந்திருந்ததுக்கு இதுதான் காரணம்.

“அப்போ சென்னைன்னு போடு, முடிஞ்சுது”ன்னு சொல்லுவீங்க. அப்பாவும் அதையேதான் சொன்னார். “சென்னைன்னா நம்ம ஊரு.” அவர் சிறுசேரியைப் பார்த்ததே இல்ல. மீஞ்சூர்லருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு அவுட்டர் ரிங் ரோட்ல போய் வண்டலூர்ல திரும்பினா ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ட்ரெயின், பஸ்னு மாறி மாறிப் போனா ஒரு பக்கத்துக்கே கிட்டத்தட்ட மூணு மணி நேரம். தினமும் போய் வர முடியாது. எனக்கு சென்னையில வேலை கிடைச்சாலும் பிஜி, பெங்களூர்ல கிடைச்சாலும் பிஜி. வீட்டுச் சாப்பாடு ரெண்டுலயும் கிடையாது. கம்பெனிகளுக்கு ‘சென்னை’ ஒரே ஊர். வடக்குப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அது ரெண்டு ஊர்.

அதனால ஊர்ப் பேரைத் தள்ளி வெச்சுட்டு மூணு கேள்வி எழுதிப் பார்த்தேன். உங்களுக்கும் உதவலாம்.

முதல் கேள்வி: மாசக் கடைசில கையில எவ்ளோ மிஞ்சும்? பேக்கேஜ் எவ்ளோன்னு கேக்காதீங்க, அது வருஷக் கணக்கு, அதுல பாதி நம்ம கண்ணுலயே படாது. கைக்கு வர்ற சம்பளம், வாடகை, அட்வான்ஸ், ஊருக்கு வந்து போற செலவு, இதைக் கூட்டிக் கழிச்சுப் பாருங்க. பெங்களூர்ல தனியா வீடு எடுத்தா பல மாச வாடகையை அட்வான்ஸா கேப்பாங்க. சீனியர்ஸ்கிட்ட விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க. பொண்ணுங்க இன்னொண்ணும் சேர்த்துப் பாருங்க: ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு எப்படிப் போறது, பிஜி கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க. நம்ம மாநிலத்துல வேலைக்குப் போற பெண்களுக்காக அரசோட ‘தோழி’ விடுதிகள் இருக்கு. தாம்பரத்துலயும் கூடுவாஞ்சேரியிலயும் உண்டு. அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

ரெண்டாவது: இந்த வேலை போனா அதே ஊர்ல அடுத்த வேலை இருக்கா? ஆஃபர் லெட்டர் வாங்கிட்டு மாசக்கணக்கா ஜாயினிங் தேதிக்குக் காத்திருந்த சீனியர்ஸை நமக்கே தெரியும். நம்ம வயசுல பெரிய ஊரோட உண்மையான லாபம் மாலும் மெட்ரோவும் இல்ல. ஒரு கம்பெனி கைவிட்டா அதே ரோட்ல இன்னொரு கம்பெனி இருக்கும், கத்துக்க ஆள் இருக்கும், அதுதான். இந்தக் கேள்வியில பெங்களூர் ஜெயிக்குது, மறைக்க வேண்டாம். எனக்குப் பிடிச்ச சிப் டிசைன் வேலை அங்கதான் அதிகம்.

மூணாவது: வீட்ல ராத்திரி ஒரு மணிக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எத்தனை மணிக்கு அங்க இருப்பேன்? சிறுசேரின்னா ஒரு டாக்ஸி பிடிச்சா விடியறதுக்குள்ள. பெங்களூர்னா, வந்தே பாரத்லயே சென்ட்ரலுக்கு நாலரை மணி நேரம் ஆகுது, அதுவும் அது கிளம்பற நேரத்துக்கு. அப்புறம் மீஞ்சூர் லோக்கல். அடுத்த நாள் மதியம் ஆயிடும்.

நான் சென்னையை முதல்ல போட்டேன். மனசார பிடிச்சுப் போடல. ரெண்டாவது கேள்வியில நஷ்டம்னு தெரிஞ்சே மூணாவது கேள்விக்காகப் போட்டேன். உங்க வீட்ல அப்பா அம்மா திடமா இருக்காங்க, கூட அக்காவோ அண்ணனோ இருக்காங்கன்னா, தயவு செஞ்சு பெங்களூர் போங்க. குற்ற உணர்ச்சியே வேண்டாம். வீட்ல தேவைப்படாத இடத்துல பாசத்துக்காக மட்டும் உக்காந்திருந்தா நாலு வருஷத்துல அந்தக் கடுப்பை அவங்க மேலதான் காட்டுவோம்.

இன்னொண்ணு. இது ஆயுசுக்குமான முடிவு கிடையாது. நம்ம வீடுகள்ல ‘செட்டில்’னு ஒரு வார்த்தை இருக்கு. 21 வயசுல அந்த வார்த்தையை உள்ளேயே விடாதீங்க. முக்கியமா, முதல் இன்க்ரிமென்ட் வந்ததும் ஃபிளாட் புக் பண்ணாதீங்க. அதுக்கப்புறம் ஊரை நீங்க தேர்ந்தெடுக்க மாட்டீங்க, இஎம்ஐதான் தேர்ந்தெடுக்கும். என் பதிலுக்கு நான் போட்டிருக்கிற கெடு ரெண்டு வருஷம். அதுக்குள்ள தம்பி பன்னெண்டாவது முடிப்பான், ராத்திரி ஆட்டோ பிடிக்கத் தெரிஞ்சுக்குவான். அப்பா வந்தவாசிக்கே திரும்பிப் போறதைப் பத்தியும் பேச ஆரம்பிச்சிருக்கார். அப்போ மறுபடி இதே மூணு கேள்வி, வேற பதில் வரலாம். ஊரும் மாறும். தரமணியில டைடல் பார்க் வந்தது 2000ல, பட்டாபிராம்ல வந்தது 2024 நவம்பர்ல. மீஞ்சூர்லருந்து ரிங் ரோட்ல தினமும் போய் வர்ற தூரத்துல ஒரு ஐடி பார்க் இருக்கும்னு நாம ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தப்போ நான் நினைக்கவே இல்ல.

ஃபார்ம் க்ளோஸ் ஆயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. ஆஃபர் வரும்போதும், ஜாயினிங் அப்போவும் திரும்ப லொகேஷன் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. “நான் எங்க போகட்டும்?”னு கேக்காதீங்க, “உன் இஷ்டம்”னுதான் சொல்லுவாங்க. “நான் இல்லாத ராத்திரி ஏதாவது ஆனா யாரைக் கூப்பிடுவீங்க?”ன்னு கேளுங்க. நான் கேட்டப்போ அம்மா கொஞ்ச நேரம் பதில் சொல்லல. அப்புறம் எதிர்வீட்டு அக்கா பேரைச் சொன்னாங்க. அந்த அக்கா நம்பர் என் போன்ல அதுவரைக்கும் இல்ல. அன்னைக்குத்தான் சேவ் பண்ணேன்.