உனக்கெதுக்கு?

போன மாதம் நம் தோழர்கள் நடத்திய கூட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனைகள் பற்றிப் பேச்சு வந்தது. மருந்து இல்லை, படுக்கை இல்லை, ஸ்கேனுக்கு நாள் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது என்று ஆளுக்கு ஒன்றாய் அடுக்கினார்கள். எல்லாம் உண்மை. நான் எழுந்து இன்னொன்று சொன்னேன். புற்றுநோயில் முலையை இழந்த பெண்ணுக்கு, அவள் உடம்புச் சதையைக் கொண்டே திரும்ப ஒன்றை உண்டாக்கும் ஆபரேஷன் இருக்கிறது, அதையும் நம் கோரிக்கையில் சேர்க்கணும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூத்த தோழர் ஒருவர், நம் சனங்களுக்காக இரண்டு முறை சிறைக்குப் போனவர், சொன்னார்: ‘‘அதெல்லாம் பணக்காரப் பொம்பளைங்க அழகுப் பிரச்சினை தோழர். கூலிக்காரிக்கு அது எதுக்கு?’’

அந்தச் சிரிப்புக்கும் அந்த ‘எதுக்கு’வுக்கும் பதில்தான் இது.

இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது கூட்டத்தில் இல்லை. என் பெரியம்மாவின் பக்கத்தில் நின்றபோது. பெரியம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. நடவு, களை, கரும்புக் கட்டு, செங்கல் சூளை என்று உடம்பை மட்டுமே வைத்துப் பிழைத்தவள். இடது முலையில் கட்டி வந்தது. (மார்பகம் என்று பூசி மெழுகாமல் முலை என்றே எழுதுகிறேன். எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு வெட்கம் கிடையாது.) அரசு மருத்துவமனையில் அதை எடுத்தார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள், அதை மறுக்க மாட்டேன். மருந்து ஏற்றி, கரண்டு வைத்து எல்லாம் முடிந்தபின், பெரியம்மா கேழ்வரகைத் துணிப் பையில் தைத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். வெறும் துணி வைத்தால் கனம் இல்லாமல் ஒரு பக்கம் மேலே ஏறிக்கொள்ளுதாம். களை எடுக்கக் குனிந்தால் பை நழுவும். வேர்வையில் ஊறும். ஒருநாள் பிரித்துப் பார்த்தால் கேழ்வரகு முளைவிட்டிருந்தது.

பணம் எடுக்க நான் வேலை பார்க்கும் வங்கிக்குத்தான் வருவாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியும், எங்கள் பெண்களுக்குப் பெட்டகம் ஜாக்கெட்டுதான். பாஸ் புக்கும் சுருக்குப் பையும் அங்கிருந்துதான் வரும். ஆபரேஷனுக்குப் பிறகு பெரியம்மா மடியிலிருந்து எடுத்தாள்.

மறு பரிசோதனைக்குப் போனபோது நான்தான் வாயைத் திறந்து கேட்டேன். டாக்டர் நோட்டிலிருந்து நிமிரவில்லை. ‘‘இந்த வயசுல இவங்களுக்கு எதுக்கும்மா அது? கூலி வேலைதானே செய்றாங்க?’’ பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்து என்னைத்தான் திட்டினாள். ‘‘ஏண்டி என் மானத்த வாங்குற?’’

டாக்டர் நல்லவரா கெட்டவரா என்பது பிரச்சினை இல்லை. தோழர் நல்லவர்தான். கேள்வியைப் பாருங்கள். செருப்பு உனக்கெதுக்கு? குடை உனக்கெதுக்கு? படிப்பு உனக்கெதுக்கு? சாதியின் ஆகப் பழைய கேள்வி இது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடித் துணி போட்டபோது, சந்தையிலும் தெருவிலும் அதைக் கிழித்தெறிந்தவர்கள் கேட்டதும் இதையேதான். 1822இல் தொடங்கி நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக அடிதடி. 1859இல் மன்னர் ஆணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு வால். அன்றைக்கு மூடுவதற்கு எதுக்கு என்றார்கள். இன்றைக்கு, போனது போகட்டும், திரும்ப எதுக்கு என்கிறார்கள். நம் பெண்ணின் முலையைப் பற்றி அவளைத் தவிர எல்லோருக்கும் அபிப்பிராயம் இருக்கிறது.

சரி, அந்த ஆபரேஷன் என்ன? சிலிக்கான் பையை உள்ளே வைப்பது ஒரு வழி. கரண்டு வைத்த தோலில் அது பல சமயம் இறுகிப்போகும், தொல்லை தரும். இன்னொரு வழி, சொந்தச் சதை. 1906இல் இத்தாலிய மருத்துவர் டான்சினி, முலையை எடுத்த புண்ணை மூட, முதுகுத் தோலையும் தசையையும் ரத்தக் குழாய் அறாமல் அக்குள் வழியாக முன்னால் கொண்டுவந்தார். 1982இல் அமெரிக்காவின் ஹார்ட்ராம்ப், அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வயிற்றுத் தசையோடு மேலே ஏற்றி முலையாக வடித்தார். 1994இல் ஆலனும் ட்ரீஸும் எழுதிய முறையில் வயிற்றுத் தசை அங்கேயே இருக்கும். தோலும் கொழுப்பும் மட்டும் வரும். அதன் மெல்லிய குழாய்களை மைக்ராஸ்கோப் வைத்து நெஞ்சுக் குழாய்களோடு தைப்பார்கள். பல மணி நேர வேலை. முலை போய் வருஷங்கள் ஆனபின்னும் செய்யலாம். பழைய உணர்ச்சி அப்படியே திரும்பாது. ஆனால் அது அவள் சதை. அவளோடு இளைக்கும், அவளோடு பருக்கும்.

இது ஏதோ மேல்நாட்டு ஆடம்பரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய சேதி. ரத்த ஓட்டம் அறாமல் சதையைத் திருப்பி வைக்கிற இந்த வித்தையை ஐரோப்பா நம் மண்ணிலிருந்துதான் மறுபடி கற்றுக்கொண்டது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்ற மராட்டியக் குடியானவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். பூனாவில் அவர் நெற்றித் தோலைக் கீழே மடக்கிப் புது மூக்கு வைத்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதைப் படத்தோடு போட்டது. அதைப் பின்பற்றி 1814இல் லண்டனில் கார்ப்யூ என்ற மருத்துவர் மூக்கு வைத்தார். அந்த வித்தையின் பெருமை முழுக்க சுஸ்ருதருக்குப் போகிறது. ஆனால் அந்த நாளில் அந்தக் கத்தி யார் கையில் இருந்தது? செங்கல் செய்யும் சாதிக்காரர் ஒருவர் செய்தார் என்று அந்தப் பத்திரிகையிலேயே இருக்கிறது. அவர் பெயர் இல்லை. சாதி மட்டும் இருக்கிறது. செங்கல் செய்தவன் கையில் இருந்த வித்தை உலகமெல்லாம் சுற்றி, ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, செங்கல் அறுத்த என் பெரியம்மாவைப் பார்த்து உனக்கெதுக்கு என்கிறது!

பணம் உள்ளவர்களிடம் யாரும் எதுக்கு என்று கேட்பதில்லை. அமெரிக்காவில் 1998லேயே சட்டம் போட்டார்கள்: முலையை எடுக்கும் செலவை ஏற்கிற காப்பீடு, திரும்ப உண்டாக்கும் செலவையும் ஏற்க வேண்டும். அங்கேயும் கறுப்பினப் பெண்களுக்கு இது குறைவாகவே கிடைக்கிறது என்பது வேறு கதை. நம் நாட்டில் 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், பாலிசிகளில் எதையெதை விலக்கலாம் என்று வரையறுத்தது. அழகுக்கான ஆபரேஷனை விலக்கலாம்; விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் உடம்பைச் சீரமைப்பதை அந்தப் பேரைச் சொல்லி விலக்க முடியாது. அதாவது, பிரீமியம் கட்டுகிற என் உடம்பில் இது அழகுப் பிரச்சினை இல்லை, வைத்தியம். பெரியம்மா உடம்பில் மட்டும் எப்படித் தோழர் அழகுப் பிரச்சினையாக மாறுகிறது?

கறுப்பின இலக்கியம் படித்த இன்னொரு தோழர் கூட்டம் முடிந்து என்னைத் தனியாகப் பிடித்தார். ஆட்ரி லார்ட் செயற்கை முலையை மறுத்தாரே, அதுதானே விடுதலை என்றார். ஆமாம், மறுத்தார். 1978இல் ஒரு முலையை இழந்த அந்தக் கறுப்பினக் கவிஞர், பொய் முலை வைக்காமல் மருத்துவரின் அறைக்குப் போனபோது, மற்ற நோயாளிகளின் மனசு கெடும், வைத்துக்கொண்டு வா என்று நர்ஸ் சொன்னாள். தன்னை முழுசாகக் காட்டி மற்றவர் கண்ணைச் சமாதானப்படுத்த மாட்டேன் என்று நின்றார் லார்ட். 1980இல் வந்த அவருடைய புற்றுநோய்க் குறிப்புகள் அதைத்தான் பேசுகிறது. நான் அவர் கட்சிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் முன்னால் நீட்டப்பட்டதை அவர் மறுத்தார். பெரியம்மா முன்னால் யார் எதை நீட்டினார்கள்? கையில் கொடுக்காததை எப்படி மறுப்பது? கிடைக்காததைத் தியாகம் என்று பேர் வைத்து நம் தலையில் கட்டுவது பார்ப்பனியத்தின் வேலை. நாம் ஏன் அதைச் செய்கிறோம்?

2018 பிப்ரவரியில், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பக அழகுச் சிகிச்சையும் இலவசம் என்று அரசு அறிவித்தது. ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் கேட்டார். உயிர் காக்கிற வேலையை விட்டு அழகுக்குப் போகிறார்களே என்று ஒரே கண்டனம். அந்த அரசுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் தனியார் மருத்துவமனை வாசலில் நின்று யாரும் இப்படிக் கண்டித்து நான் பார்த்ததில்லை. ஏழை கண்ணாடி பார்த்தால்தான் நாட்டுக்குக் கோபம் வருகிறது.

‘முதலில் உயிர், மற்றது பிறகு’ என்பார்கள். உயிர் முதலில்தான். நம் பெண்கள் கட்டி முற்றியபின் வருகிறார்கள், அதை மாற்றணும். சீக்கிரம் வந்தால் பலருக்கு முலையையே எடுக்க வேண்டியதில்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கரண்டு வைத்தாலும் ஆயுள் குறையாது என்று இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருபது வருஷம் பார்த்து 2002இல் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் தினமும் கரண்டு வைக்க வரணும். மெஷின் இருக்கிற ஊருக்குப் பஸ் காசும் இல்லாமல், கூலியும் போய், எப்படி வருவாள்? ‘எடுத்துடுங்க சார்’ என்கிறாள். அவள் முலையை நோய் மட்டும் தின்னவில்லை, தூரமும் தின்கிறது. தூரம் தின்றதைத் திருப்பிக் கேட்பது எப்படி ஆடம்பரம்? எல்லாவற்றிலும் முதல் படியோடு நம்மை நிறுத்தி, அடுத்த படிக்குப் பிறகு வா என்று அனுப்பியவர்களைத் தெரியாதா நமக்கு?

பெரியம்மாவுக்கு நானே விசாரித்துச் சொன்னேன். பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் ஒருவர் பொறுமையாகப் படம் போட்டு விளக்கியதைத் திண்ணையில் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்ட கேள்விகள் என்னைத் திணறடித்தன. முதுகுச் சதையை எடுத்தா கரும்புக் கட்டைத் தூக்க முடியுமா? (தோள் பலம் கொஞ்சம் குறையலாம்.) வயித்துத் தசைய எடுத்தா? (வயிறு பலவீனமாகலாம், குடலிறக்கம் வரலாம்.) தசை எடுக்காம செய்யிறதுன்னா? (வயிற்றில் கொழுப்பு வேணும், பழைய ஆபரேஷன் தழும்பு குழாயை அறுத்திருக்கக் கூடாது.) எத்தனை நாள் கனம் தூக்கக் கூடாது? (வாரக்கணக்கில்.) ‘‘அதுவரைக்கும் கஞ்சி யாரு ஊத்துவா?’’

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா? ஓய்வெடுக்க முடிகிற உடம்பை மனசில் வைத்துத்தான் இந்த வைத்தியத்தின் கணக்கெல்லாம் இருக்கிறது. குனிந்து நடுகிற, சுமக்கிற உடம்புக்கு எந்தத் தசையைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கேட்க வேண்டியது யார்? நாம்தான். கத்தி வைப்பதற்கு முன்னால், அவளுக்குப் புரியும் தமிழில், என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்லு. மாவட்ட மருத்துவக் கல்லூரியிலேயே செய். ஆறுகிற வரைக்கும் கூலியைக் கொடு. அவள் செய்கிற வேலையைக் கேட்டுவிட்டுச் சதையை எடு. இவைதான் கோரிக்கை. இதில் எது அழகு, எது வர்க்கம் என்று பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

பெரியம்மா கடைசியில் வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கு ஏமாற்றம்தான். முகம் வாடியதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: ‘‘நான் வேணாங்கிறேன் பாப்பா. அது வேற. அந்தாளு ஒனக்கெதுக்குன்னு கேட்டான் பாரு, அது வேற.’’

அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டு ‘வேற’வுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பேசுவோம். பின்வரிசையில் சிரித்த தோழர் முன்வரிசைக்கு வரட்டும்.