முத்து வாங்குமுன் ஒரு கேள்வி

ஊரிலுள்ள உறவினர் பணம் அனுப்பி, ஐதராபாத் முத்துமாலை வாங்கிவரச் சொன்னார்களா? சார்மினார் கடைவீதியில், "இது இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா?" என்று முதலில் கேளுங்கள். 1893இல் ஜப்பானியரான மிகிமோட்டோ சிப்பிக்குள் அரைக்கோள முத்தை வளர்த்தெடுத்தார். இன்று விற்பனையாகும் முத்துக்களில் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துக்களே. அவற்றுள் சீன நன்னீர் முத்துக்கள் மிகுதி. அவையும் மெய்யான முத்துக்களே. ஆயினும் இயற்கை முத்தின் விலை அவற்றுக்கு இல்லை.

பல்லில் மெல்ல உரசினால் மெய்முத்து நறநறக்கும். கண்ணாடி முத்து வழுக்கும். இயற்கையையும் வளர்ப்பையும் பிரித்தறியவோ ஊடுகதிர்ச் சோதனை வேண்டும். ஆகவே, முத்தின் வகையை இரசீதில் எழுதி வாங்குங்கள். மத்தேயு 13ஆம் அதிகாரத்து வியாபாரி தன் உடைமை யாவையும் கொடுத்தது, முத்தின் அருமையை அறிந்த பின்னரே அல்லவா?